இரண்டு பெட்டிக்கு ஒரு கணக்கு

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நல்ல வார்த்தை நாலு சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு நல்ல வார்த்தை வராது. வருவது கோபம்தான். அண்மையில் உங்களில் ஒருவர் எழுதிய பழுது அறிக்கை ஒன்று கண்ணில் பட்டது. ‘காரணம்’ என்ற இடத்தில் ‘யூசர் எரர்’ என்று போட்டிருந்தது. பாவித்தவரின் பிழையாம். கீழே வடிவான கையெழுத்து. விசாரித்தாரா, போய்ப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. அதைக் கண்டதும் எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஏன் என்று சொல்கிறேன், இருந்து கேளுங்கள். முன்பு இதே இரண்டு சொல்லை வைத்து வதனி என்ற பெண்ணின் வேலையைப் பறித்தார்கள். தகப்பன் இல்லாத வீட்டில் வந்த ஒரே சம்பளம் அது.

ஓய்வு பெறுவதற்கு முந்திய சில வருடங்கள் தீவுப் பகுதியில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டேன். அரசாங்க ஆஸ்பத்திரி அல்ல. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் சங்கம் வைத்து நடத்தியது. பெயர் எதற்கு? வேலணையில் ஒன்று, ஊர்காவற்றுறையில் ஒன்று, நயினாதீவில் ஒன்று என்று கிளைகள் இருந்தன. நான் சொல்லப்போவது நயினாதீவுக் கிளையில் நடந்தது.

தின் கிளையன்ட் என்றால் என்னவென்று உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. வேறு யாரும் இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். அதற்குள் எதுவும் சேர்ந்து கிடக்காது. நோயாளியின் விபரம், டொக்டர் எழுதும் மருந்து எல்லாமே கொழும்பில் இருக்கும் சேர்வரில். அங்கே நடப்பதைப் பெட்டி இங்கே காட்டும், நாங்கள் தட்டுவதை அங்கே அனுப்பும். உப்புக்காற்றில் முழுக் கணினிகள் துருப்பிடித்துச் சாகும் ஊரில் இது நல்ல ஏற்பாடு. ஒரு பெட்டி பழுதானால் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கொழுவலாம். நானே சிபாரிசு செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் செய்வேன். பெட்டியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

சேர்வருக்குள் நுழைய ஆளுக்கொரு கணக்கு வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் லைசன்ஸ் வாங்க வேண்டும். இதைச் சொன்னதும் சங்கத் தலைவர், “ஒரு கிளினிக்குக்கு ஒரு கணக்குக் காணும். எல்லாரும் ஒரு குடும்பம்தானே” என்றார். கேட்க எவ்வளவு இனிமை! குடும்பத்துக்கு ஒரு பல்துலக்கி போதுமா என்று கேட்க என் வாய் உன்னியது. சம்பளம் வாங்குகிறவன், அடக்கிக்கொண்டேன். தனிக் கணக்குகள் ஏன் வேண்டும் என்று பிறகு விளக்கமாக எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

ஆகவே நயினாதீவில் டொக்டரின் அறையில் ஒரு பெட்டி, மருந்து கொடுக்கும் அறையில் ஒரு பெட்டி, இரண்டுக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேட். ஒரே கணக்கில் இரண்டு இடத்தில் ஒரே நேரம் இருக்க முடியாது. மருந்தறையில் மருந்து கொடுக்கும் வதனி உள்நுழைந்தால் டொக்டரின் திரை கறுத்துவிடும். அவர் எந்த நோயாளியின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாரோ அதே பக்கம் அப்படியே வதனியின் திரைக்கு வந்துவிடும். திரும்ப டொக்டர் நுழைந்தால் வதனி திறந்து வைத்திருந்த பக்கம் அவரிடம் போய்விடும். பக்கங்கள் எல்லாம் ஒரே தோற்றம். நோயாளியின் பெயர் மேலே ஒரு மூலையில், நுணுக்கி எழுதியது போல் கிடக்கும்.

இதைச் சமாளிக்க அங்கே வேலை செய்தவர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டார்கள். கத்துவதுதான் வழி. “எடுக்கிறன்!” என்று வதனி மருந்தறையிலிருந்து குரல் கொடுப்பார். “எடும், எடும்” என்று டொக்டரின் அறையிலிருந்து பதில் வரும். அவர் எழுதி முடிக்கவில்லை என்றால் “பொறும் பிள்ளை!” என்பார். டொக்டர் எடுக்கும்போதும் இதே முறைதான். நடுவில் வாங்குப் பலகையில் இருக்கும் நோயாளிகளும் சும்மா இருக்க மாட்டார்கள். “டொக்டர், பிள்ளை எடுக்கப்போகுதாம்!” என்று சேர்ந்து கத்துவார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்து முடிந்ததும்தான் யோசித்தேன். நோயாளிகளின் பாதுகாப்பு முழுவதும் இந்தக் கூக்குரலில்தான் தங்கியிருந்தது.

பிறகு தலைவர் லண்டனில் இருந்து வந்தார். டொக்டரின் அறைக்கு ஏசி பூட்டி, கண்ணாடிக் கதவு போட்டு, ரிப்பன் வெட்டினார்கள். வடை வந்தது, படம் எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து வதனி வழக்கம்போல “எடுக்கிறன்!” என்று கத்தினார். தலைவரின் முகம் கோணியது.

“இதென்ன மீன்சந்தையோ? நோயாளியள் இருக்கிற இடத்திலை உப்பிடிக் கத்துறதோ?”

“ஐயா, சொல்லாமல் எடுத்தால் டொக்டரின்ர பக்கம் இஞ்சை வந்திடும். அதுதான்...” என்றார் வதனி.

“உதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கொள்ளும். இனி ஒருத்தரும் சத்தம் போடக்கூடாது, விளங்கிச்சோ?”

நானும் பக்கத்தில்தான் நின்றேன். “சிஸ்டம் பாக்காது ஐயா. அதாலைதான் இவை கத்துகினம். தனிக் கணக்கு வாங்கித் தாங்கோ. நீங்கள் சொல்லாமலே சத்தம் நிண்டிடும்” என்றேன். அவர் என் தோளில் தட்டினார். “அடுத்த வருசம் பாப்பம்” என்றார். ஏசி பூட்டக் காசு இருந்தது. கண்டறியாத கண்ணாடிக் கதவுக்கும் காசு இருந்தது.

அன்றிலிருந்து கத்துவது நின்றது. கதவைச் சாத்தினால் கத்தினாலும் கேட்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கையைக் காட்டுவதும் தலையை ஆட்டுவதுமாக வேலை நடந்தது.

அடுத்து நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அம்மன் கோயிலுக்கு வரும் சனம் அப்படியே மருத்துவ நிலையத்துக்கும் வரும் நாள். நான் இணைய லைன் அடிக்கடி அறுகிறது என்று பார்க்கப் போய்க் கூரையில் ஏறி அன்ரெனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கீழே நடந்ததைப் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டு அறிந்தேன்.

வேலணையில் இருந்து வந்த பரமேஸ்வரி அம்மாவுக்குப் பிரஷர் வருத்தம். டொக்டர் குளிசை எழுதி அனுப்பிவிட்டார். வதனி மருந்தறையில் உள்நுழைந்து அவருடைய பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் குளிசையை எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குள் செல்லத்துரை அண்ணை டொக்டரின் அறைக்குள் போய்விட்டார். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. டொக்டர் குரல் கொடுக்காமல் கணக்கை எடுத்தார். திரையில் வந்து நின்றது பரமேஸ்வரி அம்மாவின் பக்கம். செல்லத்துரை அண்ணையின் பக்கம் என்ற நினைப்பில் சீனிக் குளிசையைத் தட்டிச் சேமித்துவிட்டார். மேல் மூலையை அவர் பார்க்கவில்லை.

வதனியின் திரை கறுத்தது. திரும்ப உள்நுழைந்தார். அதே பரமேஸ்வரி அம்மாவின் பக்கம், ஆனால் ஒரு மருந்து கூடுதலாக. டொக்டர் பிறகு யோசித்து ஒரு மருந்தைச் சேர்ப்பது வழக்கமான காரியம். என்றாலும் வதனி சும்மா கொடுக்கவில்லை. கண்ணாடிக் கதவடிக்குப் போய்க் குளிசைப் பைக்கற்றைத் தூக்கிக் காட்டினார். டொக்டர் உள்ளே ஒருவரின் நெஞ்சில் குழாயை வைத்தபடி தலையை ஆட்டினார். கணக்கை எடுக்கவோ என்று வதனி கேட்பதாக அவர் நினைத்தாராம். வதனி கொடுத்தார். பரமேஸ்வரி அம்மா அங்கேயே தண்ணீர் வாங்கி முதல் குளிசைகளை விழுங்கிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

நான் கூரையிலிருந்து இறங்கி வந்தபோது செல்லத்துரை அண்ணை மருந்தறை வாசலில் நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மருந்துக்குக் காத்திருந்து காத்திருந்து அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“டொக்டர் எழுதினவர் பிள்ளை! என்ர கண்ணுக்கு முன்னாலை தட்டினவர்!”

“உங்கடை பக்கத்திலை ஒண்டும் இல்லை ஐயா. நான் பொய் சொல்லுறனோ? வந்து பாருங்கோ.”

நான் இடையில் புகுந்தேன். “அண்ணை, டொக்டர் உங்களுக்கு என்ன எழுதினவர்?” என்று கேட்டேன்.

“வேறென்ன, சீனிக் குளிசைதான்.”

நான் வதனியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

“ஐயோ அண்ணை! அந்த வேலணை அம்மாவுக்குச் சீனிக் குளிசையும் குடுத்திட்டன். எனக்கு முன்னாலைதான் குடிச்சவ. இண்டைக்கு விரதம் எண்டும் சொன்னவ!”

சீனி வருத்தம் இல்லாத வயதான மனுசி, காலையிலிருந்து வெறும் வயிறு, அதற்கு மேல் சீனியைக் குறைக்கும் குளிசை. உயிர் போகக் கூடிய காரியம். வதனி செருப்பைக்கூடப் போடவில்லை. டொக்டரிடம் ஓடிச் சொல்லிவிட்டு, கோயிலடியால் தேடிக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினார். நான் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன்.

குறிகட்டுவானுக்குப் போகும் வள்ளத்தில் சனம் ஏறிக்கொண்டிருந்தது. பரமேஸ்வரி அம்மா துறையின் நிலத்தில் இருந்தார். முகமெல்லாம் வியர்வை, கை நடுங்கியது, பேச்சுத் தடுமாறியது. விரதக் களை என்று சொல்லி இரண்டு பேர் அவரைத் தூக்கி வள்ளத்தில் ஏற்றப் பார்த்தார்கள். கடல் நடுவில் என்ன செய்திருப்பார்கள்?

வதனி தேத்தண்ணிக் கடைக்குள் பாய்ந்து சீனியை அள்ளித் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தார். மனுசி வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

“வேண்டாம்... விரதம் எனக்கு... அம்மாளாச்சிக்கு நேந்தது...”

அப்போது வதனி கத்திய கத்தலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். “விரதம் பிறகு பிடிக்கலாம் அம்மா, உயிரை ஆர் பிடிக்கிறது? இதுவும் மருந்துதான்! வாயைத் திறவுங்கோ! திறவுங்கோ எண்டுறன்!” வள்ளத்தில் ஏறியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மனுசி பயந்துபோய் வாயைத் திறந்தார். மிடறு மிடறாகக் குடிக்க வைத்தோம். டொக்டரும் வந்து சேர்ந்து ஊசி மூலம் குளுக்கோஸ் ஏற்றி, தனி வள்ளம் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பரமேஸ்வரி அம்மா பிழைத்துவிட்டார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபத்தோடு எழுத மாட்டேன்.

தலைவர் திரும்பவும் விமானம் ஏறி வந்தார். அந்தக் கண்ணாடி அறைக்குள்ளேயே விசாரணை வைத்தார். அவர் ஒரு கதிரையில், டொக்டர் ஒரு கதிரையில், நான் ஒரு கதிரையில். வதனியை நிற்க வைத்திருந்தார். என்ன குற்றவாளியா? நான் எழும்பி என் கதிரையை அவரிடம் தள்ளிவிட்டுச் சுவரோடு நின்றேன்.

“மருந்தை மாத்திக் குடுத்தது நீர்தானே?” என்றார் தலைவர்.

“திரையிலை இருந்ததைத்தான் குடுத்தனான் ஐயா. டொக்டரிட்டைக் காட்டினனான். அவர் தலையாட்டினவர்.”

தலைவர் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் மேசையைப் பார்த்தார். “சரியா ஞாபகம் இல்லை” என்றார். துறையில் அந்த மனுசியின் கையில் ஊசி ஏற்றும்போது, “நான்தான் பாக்காமல் தட்டிப்போட்டன் அண்ணை” என்று என்னிடம் சொன்ன அதே வாய். நான் அதை அங்கேயே எடுத்துச் சொன்னேன். டொக்டர் தலையை நிமிர்த்தவில்லை.

“கதைச்சு என்ன, காட்டுறன்” என்று சொல்லி, டொக்டரை அவருடைய பெட்டியில் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். மருந்தறைக்குப் போய் உள்நுழைந்தேன். டொக்டரின் திரை கறுத்தது. நான் அங்கே வேறொரு பக்கத்தைத் திறந்துவிட்டு வந்து, டொக்டரைத் திரும்ப நுழையச் சொன்னேன். நான் திறந்த பக்கம் தலைவரின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

தலைவருக்கும் விளங்கியது. அதுதான் எனக்கு வயிறு எரியும் இடம். அவருக்கு விளங்காமல் போயிருந்தால் விட்டுவிடுவேன். வதனியை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நீர் சொல்லுறது சரி. ஆனா உதை அப்பிடியே எழுதினால் அங்கை காசு தாற சனம் என்ன நினைக்கும்? சிஸ்டமே பிழையெண்டால் மூண்டு கிளினிக்கும் மூடவேண்டி வரும். யூசர் எரர் எண்டு போட்டு விடும். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் வேறை ஏதும் பாத்துச் செய்வம்.”

“ஏலாது ஐயா.”

“நீர் இன்னும் கொஞ்ச நாளிலை ரிற்றையர் ஆகிறீர். உமக்கேன் உந்த வில்லங்கம்?”

“அதாலைதான் ஏலாது எண்டுறன். போகேக்கை பொய்யிலை கையெழுத்து வைச்சிட்டுப் போகச் சொல்லுறியளோ?”

பரமேஸ்வரி அம்மாவும் வேலணையில் இருந்து பஸ் எடுத்து, வள்ளம் ஏறி அன்றைக்கு வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வாசலில் தலைவரை மறித்து, “இந்தப் பிள்ளை ஓடி வராட்டில் நான் அண்டைக்கே முடிஞ்சன். அவவிலை பிழை இல்லை” என்றார். “உங்களுக்கு உது விளங்காது அம்மா” என்று தலைவர் விலகிப் போனார். உயிர் தப்பியவருக்கு விளங்காதாம்!

நான் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அதை அவர்கள் ஒரு பக்கமாக வைத்துவிட்டு, கொழும்பில் இருந்த ஒருவரிடம் புதிதாக அறிக்கை வாங்கினார்கள். அவர் எங்கள் தொழில்காரர்தான். உங்கள் வயதுக்காரர். படித்தவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியைத் தாண்டி ஒரு நாளும் தீவுப்பக்கம் வந்ததில்லை. வதனியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சேர்வர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்தார், செய்தது, ஆகவே யூசர் எரர் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். சேர்வர் அன்றைக்கும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கேட்க வேண்டியது அதை அல்ல என்று அவருக்குத் தோன்றவில்லை. இந்தத் தொழிலில் பெரிய கேடு அந்தத் தோன்றாமைதான், பிள்ளைகளே. இருந்த இடத்தில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று நினைக்கிறீர்கள். கண்ணாடிக் கதவு உங்கள் திரையில் தெரியாது.

வதனியை வேலையால் நிறுத்தினார்கள். தலைவர் பார்த்துச் செய்வதாகச் சொன்னது ஒன்றும் வரவில்லை. வதனி கரம்பொன்னில் தாயோடு இருந்தார். தெரிந்த மருந்துக்கடைகளில் எல்லாம் நானும் அவருக்கு வேலை கேட்டுப் பார்த்தேன். “மருந்தை மாத்திக் குடுத்தவவோ?” என்று ஒரு முதலாளி என் முகத்துக்கு நேரே கேட்டார். செய்யாத பிழை வதனிக்கு முன்பாகவே ஒவ்வொரு வாசலுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

வதனி போன கையோடு தனிக் கணக்குகளுக்கு லைசன்ஸ் வந்துவிட்டது. டொக்டருக்கு ஒன்று, மருந்தறைக்கு வந்த புது ஆளுக்கு ஒன்று. அடுத்த வருசம் பார்க்க வேண்டியிருந்தது, ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும் என்றது, எல்லாம் ஒரே நாளில் தீர்ந்தது. அதை அமைத்துக் கொடுத்ததுதான் அங்கே நான் செய்த கடைசி வேலை. அன்று பின்னேரம் தலைவர் லண்டனில் இருந்து போன் எடுத்தார்.

“எல்லாம் சரியோ?”

“ஓம் ஐயா. ஆளுக்கொரு கணக்குப் போட்டாச்சு.”

“நல்லது. இன்னொரு வேலை இருக்கு. பாதுகாப்புக்குத்தான். வேலையாலை நிப்பாட்டின அந்தப் பிள்ளை, வதனி, அவவின்ர கணக்கைச் சிஸ்டத்திலை இருந்து அழிச்சு விடும்.”

“எந்தக் கணக்கை ஐயா?”

“அவவின்ர கணக்கைத்தான்.”

“அவவுக்கு நீங்கள் ஒரு நாளும் கணக்குத் தரேல்லையே.”

நான் விடவில்லை.

“இல்லாத கணக்கிலை அவ எப்பிடி ஐயா பிழை விட்டவ?”

தலைவர் போனை வைத்துவிட்டார்.